உலகம் ஏறி வரும் மலை

செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னம் ஆகிவிட்டது. கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. கோட்டைக்குள் நிற்கும் கோயில்களுக்கும், மழைநீர் தேக்கிய குளங்களுக்கும், மதிலை ஒட்டி வாழும் ஊருக்கும் இனி என்ன ஆகும்?

ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவின் அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. குறுக்கே ஒரு பாலம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பாலத்தின் இருபுறமும் ஆட்கள் தேங்கி நிற்கிறார்கள். கீழே கமலகன்னி அம்மனிடம் வாங்கிய குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகியபடி ஒரு பாட்டி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கடக்கிறார். கல்லூரிப் பையன்கள் கைப்பிடியில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பறித்த குரங்கு ஒன்று பாறை விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகப் பிரிக்கிறது. ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இன்னும் எவ்வளவு இருக்கு?”

பாலத்தைத் தாண்டினால் வாசல். அதற்கு மேல் களஞ்சியம், மணிக்கூண்டு, ரங்கநாதர் கோயில். நாலா பக்கமும் யாரோ அள்ளிக் கொட்டியதுபோலக் கிடக்கும் பாறைக் குன்றுகள், இடையிடையே பச்சை வயல், தொலைவில் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும். அந்த மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். உச்சியில் நின்று பார்த்தால்தான் அதன் கோடு முழுதாகக் கண்ணில் படும்.

அந்தக் காலத்தில் இந்தப் பாலம் மரத்தால் ஆனது. பலகையை இழுத்துக்கொண்டால் மேலே இருப்பவர்களை யாராலும் தொட முடியாது. பத்துப் பேர் நின்றால் ஒரு படையையே நிறுத்தலாம் என்பார்கள். முகலாயப் பேரரசின் படை கீழே வருடக் கணக்கில் காத்துக் கிடந்ததை நினைத்தால் அந்தப் பேச்சு மிகையாகத் தோன்றாது.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழுவின் 47-வது அமர்வு, ‘இந்தியாவின் மராத்தா ராணுவ நிலவெளிகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில் இருப்பவை. பன்னிரண்டாவது செஞ்சி. இந்தத் தொகுப்பு இந்தியாவின் 44-வது உலக மரபுச் சின்னம். மாமல்லபுரம், சோழர்களின் பெருங்கோயில்கள், நீலகிரி மலை ரயில், மேற்குத் தொடர்ச்சி மலை என்று தமிழ்நாடு பங்கு வைத்திருக்கும் வரிசையில் இப்போது விழுப்புரம் மாவட்டத்துக்கும் ஓர் இடம்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து இரண்டு பேச்சுகள் ஓய்ந்தபாடில்லை. ஒன்று பெருமை. மற்றொன்று, “நம்ம ஊர்க் கோட்டை எப்படி மராத்தியர் கோட்டை ஆச்சு?” என்ற கேள்வி. இரண்டையும் தாண்டி, யாரும் அதிகம் பேசாத மூன்றாவது விஷயம் ஒன்று இருக்கிறது. மகுடம் சூட்டியாகிவிட்டது, இனி அந்த மலையையும் கோயில்களையும் ஊரையும் எப்படி நடத்தப் போகிறோம்? இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

யார் கட்டிய கோட்டை?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்னல் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் ஒன்றான ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ சொல்கிறபடி, 1200-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவர் முதல் கோட்டையை எழுப்பினார். அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் வடக்கே இருந்த மலையில் அடுத்த கோட்டையைக் கட்டினார். ஆனந்தகிரி, கமலகிரி என்று அழைக்கப்பட்ட மலைதான் பின்னாளில் ராஜகிரி ஆனது. கிருஷ்ணக் கோனின் பெயர் கிருஷ்ணகிரியில் தங்கிவிட்டது.

விஜயநகரத்தின் கீழ் வந்த நாயக்கர்கள்தான் செஞ்சிக்கு இன்று நாம் காணும் உருவத்தைக் கொடுத்தவர்கள். பெரும் மதில்கள், களஞ்சியங்கள், கல்யாண மகால், வெங்கடரமணர் கோயில் எல்லாம் அவர்கள் காலத்தை ஒட்டியவை. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா, நகரத்தின் அளவைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். பிறகு பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, ஔரங்கசீப், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. இடையில் சில காலம் ஹைதர் அலியும் வைத்திருந்தார்.

------------------------------
கை மாறிய கோட்டை

1200-ஐ ஒட்டி: கோன் வம்சத்தார் முதல் கோட்டை
1500-களில்: விஜயநகரத்தின் கீழ் நாயக்கர் ஆட்சி
1649: பீஜப்பூர் படையிடம் வீழ்ச்சி
1677: சிவாஜி கைப்பற்றினார்
1690–1698: முகலாயர் முற்றுகை
1714: தேசிங்கு ராஜன், ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மடிந்தார்
1750: பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தார்
1761: ஆங்கிலேயர் வசம்
1921: பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம்
2025: உலக மரபுச் சின்னம்
------------------------------

இத்தனை பேர் ஆண்ட இடத்துக்கு ஒரு வம்சத்தின் பெயர் மட்டும் ஏன்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் யுனெஸ்கோ விண்ணப்பம் தனிக் கோட்டைக்காகப் போடப்பட்டதல்ல. மலை, காடு, கடற்கரை, தீவு என்று நிலத்துக்கேற்பக் கோட்டைகளைப் பின்னிய ஒரு போர்முறையை உலகுக்குக் காட்டுவதற்காகப் போடப்பட்டது. அந்த வரிசையில் செஞ்சிக்கு இடம் உண்டா என்றால், சந்தேகமில்லாமல் உண்டு. இன்னும் சொல்லப்போனால், மராத்தியர் வரலாறுதான் செஞ்சிக்குக் கடன்பட்டிருக்கிறது.

எட்டு ஆண்டுத் தலைநகரம்

1689 மார்ச்சில் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். அதே ஆண்டில் தலைநகர் ராய்கட்டும் முகலாயர் கையில் விழுந்தது. சம்பாஜியின் மனைவியும் சிறுவன் ஷாஹுவும் சிறைப்பட்டார்கள். மராத்திய அரசு அத்தோடு முடிந்தது என்றுதான் டெல்லி நினைத்திருக்கும். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மட்டும் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்தார். அவர் வந்து சேர்ந்த இடம் செஞ்சி.

இந்தத் தொலைநோக்கு சிவாஜியுடையது. 1677-இல் கோட்டையைப் பிடித்த கையோடு மதில்களை அவர் வலுப்படுத்திய விதத்தை, அந்தக் காலத்தில் தமிழகத்தில் இருந்த ஏசு சபைப் பாதிரிகளின் கடிதங்கள் பதிவு செய்திருக்கின்றன. சொந்த மண் கைவிட்டால் ஒதுங்க ஒரு மலை வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டது பன்னிரண்டு ஆண்டுகளில் பலித்தது.

முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகையிட்டார். கோட்டை 1698-இன் தொடக்கத்தில்தான் விழுந்தது. இடைப்பட்ட காலத்தில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரு மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து தாக்கி, முற்றுகை இட்டவர்களையே முற்றுகையில் சிக்க வைத்தார்கள். முகலாயக் கூடாரங்களில் தானியம் தீர்ந்தது. ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் ராஜாராமோடு ரகசியமாகப் பேசியதாகச் சொல்லி, அவரைத் தளபதியே காவலில் வைத்தார். அந்தப் படையோடு இருந்த பீம்சேன் என்பவர் தென்னாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதிய குறிப்புகள் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குப் பெரும் துணை. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. தப்பி மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக, மராத்தியர் பெயரில் செஞ்சிக்குக் கிடைத்த இடம் தானமாக வந்ததல்ல. என் வருத்தம் வேறு. பாரிஸில் ஒப்புக்கொண்ட தலைப்பு விண்ணப்பத்தில் இருக்கட்டும்; மலையடிவாரத்தில் நிற்கும் தகவல் பலகைகளும், வழிகாட்டிகள் சொல்லும் கதையும், பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரமும் அந்தத் தலைப்போடு நின்றுவிடக் கூடாது. ஆடு மேய்த்த குலத்துத் தலைவன் எழுப்பிய கோட்டை என்பது எத்தனை ஊர்க் குழந்தைகளுக்குத் தெரியும்? வெங்கடரமணர் கோயிலைச் செதுக்கிய சிற்பிகளும், சாதத்துல்லா கான் மசூதியைக் கட்டிய கொத்தர்களும் இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கிறவர்களா? 1943-இலேயே சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சியின் முழு வரலாற்றை ஆங்கிலத்தில் எழுத, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்த அளவு விரிவான, எளிய தமிழ் நூல் ஒன்று கோட்டை வாசலிலேயே விலைக்குக் கிடைக்க வேண்டும். உலக மரபுச் சின்னத்துக்கு இது பெரிய எதிர்பார்ப்பு அல்ல.

கோட்டைக்குள் ஒரு கோயில் நகரம்

செஞ்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ராஜகிரி ஏறுகிறார்கள், கல்யாண மகால் முன் படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். கீழ்க்கோட்டையில் புதுச்சேரி வாசலை ஒட்டி இருக்கும் வெங்கடரமணர் கோயில் பக்கம் போகிறவர்கள் குறைவு. செஞ்சியின் உயிர் ஒரு பாதி அங்கே இருக்கிறது என்பேன்.

முத்தியாலு நாயக்கர் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கோயில் அது. கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் அவசரப்படாமல் இருபுறச் சுவர்களையும் பாருங்கள். ராமாயணக் காட்சிகள், பாற்கடல் கடையும் தேவரும் அசுரரும், திருமாலின் அவதாரங்கள் வரிசை வரிசையாகக் கல்லில் எழுந்து நிற்கின்றன. உள்ளே பரந்த பிராகாரம், மண்டபங்கள். போர்களில் அடிபட்டு, நித்திய பூஜை நின்றுபோய், இன்று தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ராஜகிரி உச்சியில் இருக்கும் ரங்கநாதர் கோயிலுக்கும் கிருஷ்ணகிரிக் கோயில்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

அதே மலையில் பூஜை நிற்காத தெய்வமும் இருக்கிறது. ராஜகிரி ஏறும் வழியில் இருக்கும் கமலகன்னி அம்மன் கோட்டைக்குக் காவல். அரசர்கள் வந்தார்கள், போனார்கள். அம்மனுக்குப் பத்து நாள் திருவிழா நடந்துகொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு இது சுற்றுலாத் தலம் கிடையாது, குலம் காக்கும் இடம். பொங்கல் பாத்திரம் சுமந்து வருகிறவருக்கும் கேமரா சுமந்து வருகிறவருக்கும் ஒரே படிக்கட்டு. இருவருக்கும் இடமுண்டு என்பதை நிர்வாகம் மறந்துவிடக் கூடாது. மரபுச் சின்னத்தின் பெயரால் ஊர்த் திருவிழாவை நெருக்கினால், எண்ணூறு ஆண்டு மலையைக் காத்து நின்ற உறவை நாமே அறுத்தவர்கள் ஆவோம்.

கீழ்க்கோட்டையில் சாதத்துல்லா கான் மசூதி இருக்கிறது. ஆற்காட்டு நவாப் தேசிங்கை வென்ற பிறகு எழுந்தது. கோயிலையும் மசூதியையும் ஒரே மதிலுக்குள் பார்க்கும்போது, தேசிங்கு ராஜன் கதைப்பாடல் நினைவுக்கு வராமல் போகாது. இந்து அரசனுக்கு உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம் வீரன். திருமணக் கோலத்தில் இருந்தவன், நண்பன் போருக்குப் போகிறான் என்று கேட்டதும் குதிரை ஏறிவிட்டான். பத்து மாதமே ஆண்ட வடநாட்டு ராஜபுத்திர இளைஞனைத் தமிழ் நாட்டுப்புறம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தெருக்கூத்திலும் பாட்டிலும் வைத்துக் கொண்டாடியது இந்த நட்புக்காகத்தான். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வந்தபோது கதை எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

தண்ணீர்தான் முதல் படை

எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்க மதில் மட்டும் போதாது. பாறை மலையில் ஆயிரக்கணக்கானவர்களும் குதிரைகளும் யானைகளும் குடிக்க என்ன செய்தார்கள்?

செஞ்சியின் மேதைமை இதில் இருக்கிறது. வழுவழுப்பான பாறைச் சரிவில் விழும் மழை வீணாகாமல் அடிவாரக் குளங்களுக்கு இறங்கும். சக்கரக்குளம், செட்டிக்குளம் இரண்டும் ராஜகிரி அடிவாரத்தில் உள்ளன. உள்கோட்டையில் யானைக்குளம். மலை உச்சியிலும் வற்றாத சுனைகள். கல்யாண மகாலின் மேல் மாடிகளுக்கே சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. அந்தக் குழாய்களின் மிச்சம் இன்றும் தெரியும். கிருஷ்ணகிரியில் எண்ணெய்க்கும் நெய்க்கும் கல்லில் தொட்டி கட்டிச் சேமித்தார்கள். களஞ்சியங்களின் உயரத்தைப் பார்த்தால், எதிரியைவிடப் பசியைத்தான் அவர்கள் அதிகம் அஞ்சினார்கள் என்று புரியும்.

மதிலில் ஒரு கல் சரிந்தால் எல்லோருக்கும் தெரிகிறது. படம் பிடித்துப் போடுகிறோம். குளத்துக்கு வரும் ஓடையில் மண் மூடினால் யாருக்கும் தெரிவதில்லை. செஞ்சியைக் காப்பதற்கு ஒதுக்கும் பணத்தில் வரத்துக் கால்வாய்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இந்த மலைகளில் விழும் நீர்தான் சங்கராபரணியாக ஓடிப் புதுச்சேரி அருகே கடலில் சேர்கிறது. கோட்டையின் நீர் ஊரின் நீரும்கூட.

ஹம்பி கற்றுத்தரும் பாடம்

உலக மரபுப் பட்டம் கிடைத்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கு நெருங்கிய முன்னுதாரணம் ஹம்பி. செஞ்சி நாயக்கர்களின் மேலரசாக இருந்த அதே விஜயநகரத்தின் தலைநகரம். அங்கும் மலை, ஆறு, வழிபாடு நிற்காத விருபாட்சர் கோயில்.

1986-இல் ஹம்பி பட்டியலில் ஏறியது. துங்கபத்திரையின் குறுக்கே பாலம் கட்டும் வேலை சூழலைக் கெடுக்கிறது என்று 1999-இல் ‘ஆபத்தில் உள்ள சின்னம்’ ஆனது. அந்தக் கறை நீங்க 2006 வரை ஆனது. பிறகு 2011-இல் விருபாட்சர் கோயிலுக்கு முன்னால் உள்ள கடைவீதியில், பழைய கல் மண்டபங்களை ஒட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்து வியாபாரம் செய்தவர்களின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. தேர் ஓடும் வீதியில் தலைமுறையாக இருந்தவர்கள், ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். மண்டபங்கள் தப்பின. வீதியின் வாழ்வு போயிற்று.

இரண்டு தவறுகளும் ஒரே இடத்தில் பிறந்தவை. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போடாமல், முதலில் வளரவிட்டுப் பிறகு இடிப்பது.

செஞ்சியில் அந்த நிலை வர விடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்பது 2010-இல் திருத்தப்பட்ட மத்திய சட்டம். சாதாரணக் கோயிலுக்கு இது ஒரு தெரு அளவு. மதில் பல கிலோமீட்டர் சுற்றி ஓடும் செஞ்சிக்கு இந்த 300 மீட்டர் எத்தனை வயல்களையும் வீடுகளையும் தொடும் என்று எண்ணிப் பாருங்கள். கூரை மாற்ற வேண்டும் என்றாலும், மகனுக்கு ஓர் அறை எடுக்க வேண்டும் என்றாலும் எங்கே போய் யாரிடம் விண்ணப்பிப்பது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். செஞ்சியிலேயே வாரம் ஒருநாளாவது அதிகாரி உட்காரும் ஓர் அலுவலகம் இருந்தால், சட்டத்தின் மீதிருக்கும் பயம் பாதி குறையும். மதிலோரத்தில் இருப்பவர் கோட்டைக்குப் பகைவர் ஆகிவிட்டால் எந்தக் காவலாளியாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அடுத்து, சாலை. திண்டிவனத்தையும் கிருஷ்ணகிரி நகரத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் இடையே புகுந்து போகிறது. லாரிகள், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகும் பஸ்கள், நெல் மூட்டை ஏற்றி விற்பனைக்கூடம் போகும் டிராக்டர்கள் எல்லாம் அதே வழி. இப்போதே விடுமுறை நாள்களில் ராஜகிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சாலையைக் கடக்கும் குடும்பங்கள் தடுமாறுகின்றன. வாகனம் நிறுத்தும் இடம் மதிலை விட்டு விலகி அமைய வேண்டும். அங்கிருந்து சிறிய மின் வண்டிகள் போதும்.

ரயில் கதை இன்னும் வேதனை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய பாதை 2006-07-லேயே ஒப்புதல் பெற்ற திட்டம். உலக மரபுச் சின்னம் ஆன நாளிலும் செஞ்சிக்கு ரயில் இல்லை. வெளியூர்க்காரர்கள் புதுச்சேரியிலோ திருவண்ணாமலையிலோ தங்கி, பகலில் வந்து, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். செலவழிக்கும் பணமும் அவர்களோடு திரும்பிவிடுகிறது. செஞ்சியில் தங்க நல்ல விடுதிகள் பெருகினால், கோட்டையால் ஊருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

ராய்கட்டுக்கு ரோப் கார் இருப்பதைப் பார்த்து, ராஜகிரிக்கும் கேட்கும் ஆசை எழுவது இயல்பு. வயதானவர்களின் ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ராஜகிரிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். வாசல் வாசலாக, வளைவு வளைவாக ஏறினால்தான் இந்தக் கோட்டை எப்படி வேலை செய்தது என்பது உடம்புக்குப் புரியும். கம்பியில் தொங்கி நேராக உச்சியில் இறங்குகிறவருக்கு அந்தப் பாலம் வெறும் பாலமாகத்தான் தெரியும். மேலே ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்ற வரம்பும் இருக்கிறது. மழைக்கால ஞாயிறுகளில் மகாராஷ்டிராவின் லோஹகட்டில் படிக்கட்டே தெரியாமல் கூட்டம் நெரிவதைப் பார்த்த பிறகும் நாம் அந்த வரம்பைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. ஏற முடியாதவர்களுக்குக் கீழ்க்கோட்டையைத் திறந்து வையுங்கள்: கல்யாண மகால், களஞ்சியம், குதிரை லாயம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் சமதளத்தில்தான் இருக்கின்றன. சக்கர நாற்காலி போகும் பாதையும், நிழலும், சுத்தமான கழிப்பறையும், குடிநீரும் அமைத்தால் அரை நாள் தாராளமாகப் போகும்.

1803-இல் தென்னாற்காடு கலெக்டராக இருந்த ஓர் ஆங்கிலேயர், இந்தக் கோட்டையை இடித்துவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். நல்லவேளை, நடக்கவில்லை. இடிக்காமல் விட்டதோடு அன்றைய அரசின் வேலை முடிந்தது. இன்றைய அரசுகளின் வேலை அதைவிடக் கடினமானது.

------------------------------
போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையிலிருந்து சுமார் 160 கி.மீ. திண்டிவனத்தில் பிரிந்து திருவண்ணாமலைச் சாலையில் போக வேண்டும். புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கி.மீ., திருவண்ணாமலையிலிருந்து 40 கி.மீ.க்குள்.

ராஜகிரி உயரம் சுமார் 800 அடி. காலையிலேயே ஏறிவிடுங்கள். பிற்பகலில் தாமதமாக வருகிறவர்களை மேலே விடுவதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம்.

தண்ணீர் அவசியம். தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள். குரங்குகள் கையிலிருந்தே பறிக்கும். காலிப் பாட்டிலைக் கீழே கொண்டுவாருங்கள்.

வாங்கிய டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கிருஷ்ணகிரி வாசலிலும் கேட்பார்கள். இரண்டு மலையையும் ஒரே நாளில் ஏறுவதென்றால் முழு நாள் வேண்டும்.
------------------------------

மதிலுக்கு வெளியே

செஞ்சிக்குப் போய்க் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பாதிப் பயணம். சில கிலோமீட்டர் வடக்கே சிங்கவரம். பல்லவர் காலக் குடைவரையில், மலைப்பாறையிலேயே செதுக்கிய ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். நீளம் சுமார் 24 அடி. தேசிங்கின் குலதெய்வம். போருக்கு விடைபெற வந்தபோது, போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஊரில் கதை. இங்கே பூஜை உண்டு, படியேறி வரும் பக்தர்கள் உண்டு.

சிங்கவரத்துக்குப் பக்கத்திலேயே திருநாதர் குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசையாக. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண முனிவரின் கல்வெட்டும் அங்கே உள்ளது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் தேடி வரும் கல் அது. கோட்டை எழுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்தக் குன்றுகள் அறவோர் வாழ்ந்த இடமாக இருந்தன. அந்த மரபு அறுந்துவிடவில்லை. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது.

இன்னொரு திசையில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் பெருமையோடு கல்லில் பொறித்துவைத்த இடம். தமிழகக் கற்கோயில் வரலாற்றின் முதல் பக்கங்களில் ஒன்று. மேல்மலையனூர் அங்காளம்மனைச் சொல்லவே வேண்டாம். அமாவாசை இரவுகளில் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூடும் ஜனத்திரளில் பத்தில் ஒருவர் செஞ்சிக் கோட்டையில் இறங்கிப் பார்த்தால்கூட ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். இவை எல்லாவற்றையும் ஒரே சுற்றுப் பாதையாக இணைத்துப் பஸ் விடவும், தமிழில் வழிகாட்டிகளைப் பயிற்றுவிக்கவும் யுனெஸ்கோவின் அனுமதி தேவையில்லை. சுற்றுலாத் துறையும் அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். வழிகாட்டி வேலைக்குச் செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துப் பிள்ளைகளையே எடுக்க வேண்டும். படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறவர்களில் சிலருக்காவது சொந்த ஊரில் சோறு கிடைக்கும்.

கடைசியாக, புதுச்சேரிக் கடற்கரை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான சிற்பத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பெயர்த்தெடுத்து வந்தவை. கோட்டை பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தபோது நடந்த காரியம். தினமும் அவற்றின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அவற்றின் சொந்த ஊர் தெரியாது. தூண்களைத் திரும்பக் கேட்டுச் சண்டை போடுவதில் எனக்கு நாட்டம் இல்லை. அவை எந்த ஊரிலிருந்து வந்தன என்று கண்ணில் படும்படி எழுதிவையுங்கள். அந்தக் கடற்கரையிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன் செஞ்சியில் இறக்கிவிட்டு, மாலை சிங்கவரம் பார்த்துத் திரும்பும் ஒரு பஸ்ஸைத் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து இயக்கட்டும். வரும் தை மாதமே தொடங்கலாம்.